காக்கிச் சட்டையும் அஞ்சறைப் பெட்டியும்

சரித்திரம் எழுதுகிறவர்களுக்குப் போலீஸ்காரரை நன்றாகத் தெரியும். கலகம் நடந்தால் அவர் வருவார். தடியடி நடந்தால் வருவார். தலைவர்கள் கைதானால் கூடவே வருவார். அந்தப் பக்கம் புரண்டதும் மறைந்துவிடுவார். அன்று இரவு அவர் வீட்டில் உலை கொதித்ததா, மளிகைக் கடைப் பாக்கி தீர்ந்ததா என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் கேட்டதில்லை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கோ அந்தக் கேள்விதான் முதலில் தோன்றுகிறது. ஊரைக் காத்தவன் குடும்பத்தை எந்தக் காசு காத்தது? அந்தக் காசு யார் கை வழியாக வீட்டுக்குள் வந்தது?

இதைக் கேட்பதற்குத் தாமிரபரணிக் கரையைப் போல ஏற்ற இடம் வேறு இல்லை. ஸ்ரீவைகுண்டத்தையும் ஆழ்வார்திருநகரியையும் தாண்டி, கடலைச் சேருவதற்கு முன் ஆறு சற்று ஓய்ந்து நடக்கும் இடத்தில் இருக்கிறது ஏரல். ஒரு காலத்தில் திருநெல்வேலி ஜில்லா. 1986 முதல் தூத்துக்குடியைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம். சுற்றிலும் நெல்லும் வாழையும். சுற்றுப்பட்டுக் கிராமத்தார் கல்யாணத்துக்குப் பாத்திரமும் ஜவுளியும் வாங்க ஏரல் கடைத்தெருவுக்குத்தான் வருவார்கள். விளைச்சலும் வியாபாரமும் உள்ள இடத்தில் களவும் இருக்கும். களவு இருந்தால் காவலும் இருக்கும். காவலுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும்.

பழைய நாளில் அந்தக் கூலி ரூபாயாக வரவில்லை. களத்துமேட்டில் நெல்லாக வந்தது. இந்தப் பக்கத்தில் இரண்டு போகம்: கார், பிசானம். அறுத்து, அடித்து, தூற்றி, பொலி கூட்டியதும் குடியானவன் நேராக வீட்டுக்கு மூட்டை கட்டிவிட முடியாது. தச்சருக்கு, கொல்லருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு, காவல்காரருக்கு என்று மரக்கால் மரக்காலாக அளந்தாக வேண்டும். இந்தப் பங்குக்கு என்ன பெயர் தெரியுமா? ‘சுதந்திரம்.’ இன்று கொடியேற்றிக் கொண்டாடுகிற அதே சொல், அன்று களத்தில் ஊர் ஊழியருக்கு உரிமையாக வந்த நெல்லுக்குப் பெயராக இருந்தது.

காவலிலும் இரண்டு வகை உண்டு. ஒரு கிராமத்தை மட்டும் காப்பது ஸ்தலக் காவல். ஒரு வட்டாரம் முழுவதற்கும் பாதையும் எல்லையும் காப்பது தேசக் காவல். பாளையக்காரர்கள் தங்கள் பாளையத்தோடு நில்லாமல் வெளியே இருந்த சர்க்கார் கிராமங்களிலும் தேசக் காவல் என்று சொல்லி வசூலித்தார்கள். கால்டுவெல் பாதிரியார் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்திலும் இந்தக் காவல் விவகாரம் இடம் பெறுகிறது. அது வெறும் பாதுகாப்பாக இருந்ததா, பாதுகாப்பு என்ற பெயரில் வந்த பயமுறுத்தலாக இருந்ததா என்றால், இரண்டுமாக இருந்தது என்பதுதான் நியாயமான பதில்.

ஆனால் அந்த ஏற்பாட்டில் ஓர் அழகான நிபந்தனை இருந்தது. மாடு களவு போனால் காவல்காரன் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் மாட்டின் விலையை அவனே ஈடு கட்ட வேண்டும். சம்பளம் வாங்குகிறவன் நஷ்டத்துக்கும் ஜவாப்தாரி! இந்த ஜவாப்தாரித்தனத்தைத் தட்டிக்கழிக்க உண்டான தந்திரம்தான் ‘துப்புக்கூலி’. மாடு போன குடியானவன் ஒரு தொகை கொடுத்தால், மாடு கட்டியிருக்கும் இடத்தைப் பற்றித் துப்பு வரும். துப்புச் சொன்னவனுக்கும் மாட்டை ஓட்டியவனுக்கும் என்ன உறவு என்று குடியானவன் கேட்கமாட்டான். மாடு வந்தால் போதும்.

இப்போது காவல்காரன் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்போம். கூலி நெல்லாக வந்ததே, அதில் ஒரு சங்கதி இருக்கிறது. நெல்லைச் சட்டைப்பையில் மறைத்து வைக்க முடியாது. அது வண்டியிலோ தலைச்சுமையிலோ வாசல் வழியாகத்தான் வர வேண்டும். குதிரில் கொட்ட வேண்டும். அதை எடுத்துக் குத்தி, புடைத்து, உலையில் போடுகிறவள் வீட்டுக்காரி. குதிரில் எவ்வளவு கிடக்கிறது, பிசானம் வரை தாங்குமா என்று அவளுக்குத் தெரியும். புருஷன் ஒரு மரக்கால் நெல்லை எடுத்துக்கொண்டு போய்க் கள்ளுக்கடையில் கொடுத்தால் குதிரே காட்டிக்கொடுத்துவிடும். அவளுக்குச் சட்டத்தில் பெரிய உரிமை இருந்தது என்று நான் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்தது என்றுதான் சொல்கிறேன். குடும்பத்தில் கணக்குத் தெரிவது பாதி உரிமை.

பிறகு கம்பெனி வந்தது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-ஆம் தேதி தூக்கிலிட்டார்கள். 1801-இல் கடைசிப் பாளையக்காரர் போரும் முடிந்தது. அந்த வருஷமே கர்நாடகத்து நவாபின் ராஜ்யமும் கம்பெனியின் கைக்கு மாறியது. பாளையக்காரர்களின் ஆயுதங்கள் போயின; தேசக் காவலும் போயிற்று. ஊருக்குள்ளே என்ன செய்வது? 1816-ஆம் வருஷத்து 11-ஆவது ரெகுலேஷன் கிராம முன்சீபைப் போலீஸ் தலைவராக்கி, தலையாரியை அவருக்குக் கீழே வைத்தது. பெயர் மாறியதே தவிர, கிராமத்துக்குள் பழைய காவல் பல இடங்களில் அப்படியே நடந்துகொண்டிருந்தது.

உண்மையான மாறுதல் 1859-இல் வந்தது. அந்த வருஷத்து 24-ஆவது சட்டத்தின்படி மெட்ராஸ் மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் படை ஏற்பட்டது. இந்தியா முழுவதற்குமான 1861-ஆம் வருஷத்துப் போலீஸ் சட்டத்துக்கும் இது முந்தியது. உடுப்பு, பெல்ட், தலைப்பாகை, லத்தி. எல்லாவற்றுக்கும் மேலாக மாதச் சம்பளம். “அரைக் காசு உத்தியோகமானாலும் அரசாங்க உத்தியோகம்” என்ற பழமொழி சும்மா வரவில்லை. மழை பெய்தாலும் பொய்த்தாலும் மாதம் பிறந்தால் பணம். கார், பிசானம் என்று காத்திருந்த ஜனங்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயமாக இருந்திருக்கும்!

அந்தப் பணம் எவ்வளவு? 1902-இல் ஆண்ட்ரூ ஃப்ரேஸர் என்பவர் தலைமையில் ஒரு போலீஸ் கமிஷன் வைத்தார்கள். இந்தியா முழுவதும் விசாரித்துவிட்டு, கான்ஸ்டபிளின் சம்பளம் மாதம் 8 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று அது சிபாரிசு செய்தது. அப்படியானால் அதற்கும் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம். எட்டு ரூபாயையே கணக்குப் பார்ப்போம். 128 அணா. முப்பது நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு நாலணாவும் சில்லறையும். அதில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், ஊரில் வயதான தாய் தகப்பனார், தங்கை கல்யாணம். லஞ்சம் ஏன் வந்தது என்று அதே கமிஷன் ஆராய்ந்தபோது, போதாத சம்பளத்தையும் ஒரு காரணமாகக் குறித்தது. லஞ்சத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அடுப்படியைப் பார்க்காமல் அறநூல் ஓதுவது சுலபம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

சம்பளம் ரூபாயானதும் வீட்டுக்குள் வேறொரு காரியம் நடந்தது. பணம் வாசல் வழியாக வரவில்லை. சட்டைப்பை வழியாக வந்தது. ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடுவே எத்தனையோ கைகள். கைமாற்றுக் கொடுத்த சிநேகிதர், வட்டிக்காரர், வெற்றிலைக் கடை, காப்பிக் கடை. மிஞ்சியதுதான் வீட்டுக்கு. என்ன வந்தது, என்ன போயிற்று என்று அவளுக்குத் தெரியாது. அதோடு மாற்றல். குடும்பம் ஓரிடத்தில் வேர் விடுவதற்குள் உத்தரவு வந்துவிடும். சொந்த ஊரில் துண்டு நிலம் இருந்தாலும் அதைப் பார்க்க ஆள் இல்லை. புது ஊரில் கடனுக்குச் சாமான் தருகிற கடைக்காரரைச் சம்பாதிக்க வேண்டும். போலீஸ்காரர் என்பதால் அவர் தருவார். போலீஸ்காரர் என்பதாலேயே வாய்விட்டுக் கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டிருப்பார்.

இதற்கெல்லாம் மனைவிமார் கண்டுபிடித்த பரிகாரம் அஞ்சறைப் பெட்டி. போலீஸ் லைனில் வெகுகாலம் குடியிருந்த ஓர் ஏட்டம்மாவை எனக்குத் தெரியும். கடுகு அறைக்கு அடியில் பால் பணம், மிளகு அறைக்கு அடியில் வைத்தியச் செலவு, சீரகத்துக்குக் கீழே சீட்டுப் பணம் என்று அந்த அம்மாளின் பட்ஜெட் மந்திரிகளுக்கே பாடம் சொல்லும்.

“ஏட்டையாவுக்கு இது தெரியுமா, ஆச்சி?” என்று கேட்டேன்.

“தெரிஞ்சா வம்புல்லா! அவுக நல்லவுகதான் தம்பி. ஆனா கூட்டாளி வந்து மூஞ்சியத் தொங்கப்போட்டா எடுத்துக் குடுத்துருவாக” என்றாள் அந்த அம்மாள்.

அவர் ஓய்வு பெற்ற வருஷம் இரண்டு உண்மைகள் ஒரே வாரத்தில் வெளிவந்தன. ஆச்சியின் சீட்டில் சேர்ந்திருந்த பணம் அவருக்குத் தெரிந்தது. அவர் சக போலீஸ்காரருக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டு ஏறியிருந்த கடன் ஆச்சிக்குத் தெரிந்தது. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிட்டது. இருபத்தைந்து வருஷம் ஒருவருக்கு ஒருவர் நல்லவர்களாக, ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் வாழ்ந்தார்கள். சேமித்தது பிழையில்லை, இளகிய மனசும் பிழையில்லை. இரண்டும் ஒரே நோட்டில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

*

குதிர் போனபோது மனைவி இழந்த அந்தக் கணக்கை அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேறு ஒரு பொருள் தேவைப்பட்டது. அது காகிதம். பெயர் எழுதிய காகிதம். அந்தக் காகிதம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. துண்டு துண்டாக வந்தது.

1871-ஆம் வருஷத்துப் பென்ஷன் சட்டம், சர்க்கார் பென்ஷனைக் கடன்காரர்கள் ஜப்தி செய்ய முடியாது என்றது. 1882-இல் தபாலாபீஸ் சேவிங்ஸ் பாங்கு வந்தது. மாற்றலாகிப் போகிற குடும்பத்துக்கு அதைவிடச் சௌகரியமான பெட்டி இல்லை. 1925-ஆம் வருஷத்துப் பிராவிடண்ட் ஃபண்டு சட்டம், கட்டாயமாகப் பிடித்த சேமநிதியையும் கடன்காரர் கைக்கு எட்டாமல் வைத்தது. ஏட்டையா போட்ட ஜாமீன் கையெழுத்து எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த நிதிக்குள் நுழைய முடியாது.

இவற்றுக்கு நடுவே நம் மாகாணம் பெருமைப்படக் கூடிய ஒரு சமாசாரம் உண்டு. 1874-இல் விவாகமான பெண்கள் சொத்துச் சட்டம் என்று ஒன்று செய்தார்கள். அதன் ஆறாவது பிரிவு சொல்வது இது: ஒரு கணவன் தன் ஆயுளுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து, ‘இது என் மனைவிக்காக’ அல்லது ‘மனைவி மக்களுக்காக’ என்று பாலிசியின் முகத்திலேயே எழுதிவிட்டால், அது அவர்களுக்கான தர்ம நிதியாகிவிடும். பிறகு அந்தக் கணவனே மனம் மாறினாலும் தொட முடியாது. கடன்காரர்களை ஏமாற்றுவதற்காக எடுத்தது என்று நிரூபித்தாலொழிய அவர்களும் தொட முடியாது.

ஆனால் இந்தச் சட்டத்தின் வாசலில் ஹிந்துக்களையும் முஸ்லிம்களையும் நிறுத்தி வைத்திருந்தார்கள். மெட்ராஸ் ஹைகோர்ட்டின் ஃபுல் பெஞ்சு அந்த ஆறாவது பிரிவு ஹிந்துக்களுக்கும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. பிறகு 1923-இல் சட்டத்தையே திருத்தினார்கள். இந்தியாவின் மற்ற பகுதிகளுக்கு 1923 ஏப்ரல் 1-க்குப் பிறகு எடுத்த பாலிசிகள் என்று எழுதியவர்கள், மெட்ராஸுக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்தவை என்று எழுத வேண்டியிருந்தது. ஏறக்குறைய பத்து வருஷம் நம் மாகாணத்து மனைவிமார் முந்திக்கொண்டார்கள்! எத்தனை கணவன்மார் அந்த ஒரு வரியைப் பாலிசியில் எழுதச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம். அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது. பாலிசி எடுக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு, எழுதாவிட்டால் இல்லை.

கணவன் இறந்த பிறகு மாதா மாதம் என்ன வரும் என்பது மற்றொரு கேள்வி. இது நம் ஊர்க் கேள்வி மட்டும் அல்ல. 1918 ஆகஸ்டு 30-ஆம் தேதி லண்டன் மாநகரப் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முதல் உலக யுத்தம் இன்னும் முடியவில்லை; அரசாங்கம் நடுங்கிப் போயிற்று. அவர்கள் வென்று திரும்பியவற்றில் சம்பள உயர்வோடு, இறந்த போலீஸ்காரரின் மனைவிக்குப் பென்ஷன் என்பதும் ஒன்று. உலகத்துக்கே மாதிரி என்று பேர் வாங்கிய படையும், மனைவிக்கு ஒரு பிடி அரிசி நிச்சயப்படுவதற்குத் தெருவில் இறங்க வேண்டியிருந்தது.

இங்கே, மத்திய சர்க்கார் ஊழியர்களின் மனைவிமாருக்கு ஆயுள் முழுவதும் குடும்பப் பென்ஷன் என்ற புதுத் திட்டம் 1964-இல்தான் வந்தது. அதற்கும் ஊழியர் தம் பணிக்கொடையிலிருந்து இரண்டு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. 1977 செப்டம்பர் 22 முதல்தான் அந்தப் பிடித்தம் நின்றது. திட்டம் வருவதற்கு முன்பே ஓய்வு பெற்றவர்களின் மனைவிமார் வெளியே நின்றார்கள். அவர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1985-இல் அவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பாயிற்று. அதற்குள் எத்தனை கிழவிகள் கண்ணை மூடினார்களோ!

இதற்கிடையில் சட்டம் மற்றொரு முடிச்சையும் போட்டிருந்தது. 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவனுக்கு மனைவியும் மக்களும் மட்டும் வாரிசு அல்ல. பெற்ற தாயும் சம பங்குக்காரி. அப்படியானால் காகிதத்தில் பெயர் எழுதியிருக்கிறதே, அந்த ‘நாமினி’ யார்? பணத்தை வாங்கிக்கொள்ளும் கைதான் நாமினி, சொந்தக்காரர் வேறு என்று 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் ஓர் இன்ஷூரன்ஸ் வழக்குத்தான். தாய்க்கும் மனைவிக்கும் நடந்த வழக்கு. 2015-இல் இன்ஷூரன்ஸ் சட்டத்தைத் திருத்தி, தாய் தந்தை, கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோர் நாமினியானால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்று ஆக்கினார்கள். இன்ஷூரன்ஸுக்கு ஒரு நியாயம், பாங்கில் போட்ட பணத்துக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிட்டதால், முடிச்சு முழுவதும் அவிழ்ந்துவிடவில்லை.

எனக்குத் தெரிந்தவரை, போலீஸ் குடும்பத்தில் இந்த முடிச்சு இறுகுகிற இடம் ஒன்றுதான். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேரும்போது பையன் ஒரு தாளில் அம்மாவின் பெயரை எழுதிக் கொடுக்கிறான். வேறு யார் இருக்கிறார்கள், எழுத? பிறகு கல்யாணம், குழந்தை, நான்கு ஊர் மாற்றல். அந்தத் தாள் மட்டும் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

இது வீண் கவலை என்று தோன்றலாம். ஏரல் பக்கத்தில் அப்படித் தோன்றாது. 2020 ஆகஸ்டு 18-ஆம் தேதி ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் மணக்கரை அருகே, தேடப்பட்ட ஒருவனைப் பிடிக்கப் போன இளம் காவலர் நாட்டு வெடிகுண்டுக்குப் பலியானார். ஆறு மாதம் ஆகவில்லை. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி ஏரல் போலீஸ் நிலையத்துச் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரை வண்டியை ஏற்றிக் கொன்றார்கள். மாநில அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் 50 லட்ச ரூபாயும் ஒருவருக்கு வேலையும் அறிவித்தது. எட்டு ரூபாய்க் காலத்தோடு ஒப்பிட்டால் அரசாங்கத்தின் மனம் எவ்வளவோ விசாலமாகிவிட்டது. அதை வாழ்த்த வேண்டும். ஆனால் எந்த வீட்டிலும் இப்படி ஒரு பெருந்தொகை துக்கத்தோடு கை கோத்துக்கொண்டுதான் வருகிறது. அழுகிற மாமியாரும் அழுகிற மருமகளும் அன்றைக்கு உட்கார்ந்து பங்கு பேசுகிற நிலைமை எதிரிக்கும் வரக் கூடாது. இருவரையும் அந்த இக்கட்டில் நிறுத்தாமல் வைக்கக் கூடியவர் ஒருவர்தான். அவர் உயிரோடு இருக்கும்போதுதான் அதைச் செய்ய முடியும். தாய்க்கு இது, மனைவிக்கு இது, பிள்ளைக்கு இது என்று அவர் பகிரங்கமாக எழுதி வைத்தால் தாயின் மனமும் கோணாது.

இன்றைக்குக் காட்சி இன்னொரு விதத்திலும் மாறியிருக்கிறது. 1973-இல் தமிழ்நாட்டுப் போலீஸில் பெண்கள் சேர்ந்தார்கள். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தார்கள். இப்போது புருஷனும் காக்கி, பெண்டாட்டியும் காக்கி என்று எத்தனையோ வீடுகள். இரண்டு சம்பளம், இரண்டு சேமநிதி, இரண்டு சிக்கன நாணயச் சங்கக் கடன், இரண்டு இரவு டியூட்டி. 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷனுக்குப் பதிலாகப் பங்களிப்புத் திட்டம் வந்ததால், ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு இரண்டு விதமான விதி இருக்கவும் கூடும். ஒருவர் வருகிறபோது மற்றவர் போகிறார். பேசிக்கொள்ளவே நேரம் இல்லை. இருவரும் சம்பாதிப்பதால் கணக்குத் தானே நேராகிவிடும் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சட்டைப்பை இரண்டானதால் அஞ்சறைப் பெட்டியும் இரண்டானதே தவிர, நோட்டு ஒன்றாகவில்லை.

ஆகவே, சரித்திரத்தின் பேரால் ஒரு சின்ன யோசனை சொல்லி முடித்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஒரு நாள், பொங்கலுக்கு மறுநாளோ ஆடிப்பெருக்கன்றோ, புருஷனும் பெண்டாட்டியும் ஒரு நோட்டோடு உட்காரட்டும். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாருக்கு ஜாமீன் போட்டிருக்கிறது, எந்தப் பாலிசியில் யார் பெயர், சேமநிதித் தாளில் யார் பெயர், சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று எழுதட்டும். எழுதும்போது ஓரிரண்டு கடுகு அறை ரகசியங்களும் ஓரிரண்டு ஜாமீன் ரகசியங்களும் வெளியே வரும். வரட்டும்; அன்றைக்கு ஒரு சண்டை, பிறகு நிம்மதி.

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்று தாமிரபரணிக் கரையிலும் சொல்லுவார்கள். அளப்பதற்கு மரக்கால் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.